அப்பாவின் புல்லட்டும் ஓர் ஆயில் கூலரும்

சேலம்,
மாசி மாதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் பொங்கல் கழிந்து வந்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தியைவிட, முழங்கால் வலி தணிந்து நீ மறுபடி கிக்கரை உதைக்கிறாய் என்ற வரிதான் என்னை எழுந்து உட்கார வைத்தது. இங்கே வீட்டில் எல்லோரும் நலம். சின்னவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. மற்றதை நேரில் பேசுவோம்.

பங்குனியில் ஆழியாறு வழியாக வால்பாறைக்கு ஏறப் போகிறேன், அதற்கு முன் வண்டிக்கு இன்ஜின் ஆயிலைக் காற்றில் ஆற்றித் தரும் ஆயில் கூலர் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். போடு. ஆனால் முதலில் இதைப் படி.

போன கத்திரி வெயிலில் கொல்லிமலை ஏறும்போது என் வண்டியின் பிஸ்டன் சூட்டில் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டது உனக்குத் தெரியும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே போன வண்டி திடீரென்று பின் சக்கரத்தை இழுத்துக்கொண்டு நின்றது. கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். அப்பா 1986-இல் வாங்கிய வண்டி. அவர் இருந்தவரை ஒருநாள்கூட வழியில் நின்றதில்லை. அன்று சாலையோரக் கல்லில் உட்கார்ந்து இன்ஜின் ஆறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

நம் வண்டியின் சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். போதாதற்கு, இரும்பு வெப்பத்தைச் சீக்கிரம் வெளியே விடாது. அதனால் ஓர் எல்லைக்கு மேல் சூடேறினால் பிஸ்டனுக்கு இடமே இருக்காது. 1955-இல் சென்னையில் புல்லட்டைப் பூட்டத் தொடங்கிய காலத்துச் சாலைக்கு அந்த அமைப்பு தாராளம். மணிக்கு அறுபது கிலோமீட்டர் போனால் பெரிய வேகம். இன்று நான்குவழிச் சாலையில் லாரிகளுக்கு ஈடுகொடுத்துத் தொண்ணூறில் மணிக்கணக்காக ஓட்டிவிட்டு, அந்தச் சூடு தணியுமுன்பே மலையில் ஏற்றுகிறோம்.

சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து, புதுப் பிஸ்டன் மாட்டி, ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிய பிறகும் சூடு எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் அளந்துவிடுவது என்று ஒரு அகச்சிவப்பு வெப்பமானி வாங்கினேன். பளபளப்பான அலுமினியத்தில் அதைக் காட்டினால் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். இன்ஜினில் ஆயில் தொட்டி இருக்கும் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மங்கலான கறுப்புப் பெயின்ட் பூசி, எப்போதும் அங்கேயே அளந்தேன். காரவள்ளியில் காலை பத்து மணிக்குக் கிளம்பி சோளக்காடு வரை ஓட்டியதில் 118 பாகை வந்தது.

கூலரைத் தேடத் தொடங்கியவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிளக்கில் பொறி விழவைக்கும் பாயின்ட்டின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பாயின்ட் இடைவெளி சரியாக 0.35 மில்லிமீட்டர். ஆனால் அதற்குப் பின்னால், வேகத்துக்கேற்பப் பொறியை முன்கூட்டி விழவைக்கும் ஆட்டோ அட்வான்ஸில் இரண்டு எடைத் துண்டுகளில் ஒன்று துருவேறி அசையவே இல்லை. விரலால் தள்ளினேன், நகரவில்லை. அப்படியென்றால் வேகம் கூடும்போது பொறி முன்கூட்டி விழாமல் தாமதமாகவே விழுந்திருக்கிறது. தாமதமாக எரியும் பெட்ரோல் வண்டியைத் தள்ளுவதற்குப் பதிலாகச் சிலிண்டர் தலையையும் சைலன்ஸர் குழாயையும் காய்ச்சும். துருவைத் தேய்த்து, ஸ்பிரிங்குகளை மாற்றி, மறுவாரம் அதே சாலையில் ஏறினேன். 104! ஒரு துளி ஆயில்கூடக் கூலருக்குள் போகுமுன்பே பதினான்கு பாகை குறைந்துவிட்டது.

இதனால்தான் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். முதலில் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், பிறகு கார்புரேட்டர், பிளக்கின் நிறம். பிளக் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். சிலிண்டர் இதழ்களுக்கிடையே அப்பியிருக்கும் சேற்றையும் சுரண்டி எடு. இவற்றை விட்டுவிட்டுக் கூலர் மாட்டுவது, காய்ச்சல்காரனுக்கு மருந்து கொடுக்காமல் விசிறிக்கொண்டே இருப்பது போல.

இனி கூலருக்கு வருகிறேன். முதலில் பழைய உதிரிபாகக் கடை ஒன்றில் மலிவாக ஒன்று வாங்கினேன். வெளியே புதிதுபோல இருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி வெள்ளைத் துணியில் வடித்தபோது அரிசிக்குருணையை இடித்ததுபோல வெள்ளிப் பொடி மின்னியது. ஏதோ இன்ஜின் நொறுங்கிய வண்டியிலிருந்து கழற்றியது. அந்தப் பொடி குறுகிய வழிகளில் ஒளிந்துகொள்ளும், எத்தனை முறை கழுவினாலும் முழுதாக வராது. பணம் போனால் போகிறது என்று தூக்கி வைத்துவிட்டுப் புதிதாக வாங்கினேன். நீயும் புதிதே வாங்கு.

எந்த வழியில் இணைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் வழியில் கூலரை வைக்கவே கூடாது. உறிஞ்சும் பக்கத்தில் தடை வந்தால் கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் பெரிய பேரிங் ஆயிலில்லாமல் பட்டினி கிடக்கும். நம் வண்டியில், சிலிண்டர் தலையில் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் ராக்கர்களுக்கு ஆயில் கொண்டுபோகும் வெளிக்குழாய் இருக்கிறதல்லவா, அதன் இடையில் இணைத்தேன். அந்தக் குழாயில் அழுத்தம் மிகக் குறைவு. அதனால் அகலமான வழியுள்ள சிறிய கூலர் போதும், ஹோஸ்களும் குட்டையாக இருக்கட்டும். சூடான ஆயிலைத் தாங்கும் ஹோஸ்தான் வேண்டும். பெட்ரோல் குழாயை மாட்டாதே, இளகிக் கழன்றுவிடும்.

மாட்டுமிடம் வண்டிச் சட்டத்தின் முன்குழாயில், காற்று படும்படி. ஆனால் சிலிண்டர் தலைக்குப் போகும் காற்றைக் கூலரே மறைக்காமல் ஒரு பக்கம் தள்ளி வைத்தேன். ஒற்றைச் சிலிண்டர் அதிர்வு உனக்குத் தெரியாததல்ல. ரப்பர் புஷ் இல்லாமல் முடுக்கினால் சீக்கிரமே கூலரின் காது முறியும்.

மாட்டுமுன் கூலரில் ஆயிலை நிரப்பிக்கொண்டேன். பிறகு ராக்கர் மூடியைக் கழற்றி, டார்ச்சு விளக்கைப் பிடித்துக்கொண்டு, சின்னவனை உதைக்கச் சொன்னேன். வண்டி மெதுவாக ஓடியது. ஒன்றும் வரவில்லை. எனக்கு வயிறு கலங்கியது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், நாற்பதைத் தொடும்போது ராக்கரின் ஓரத்தில் தேன்போல ஒரு விளிம்பு திரண்டு மெல்ல வழிந்தது. அதைப் பார்க்காமல் நீ மூடியைப் பூட்டாதே.

போன வாரம் மூன்றாம் முறை ஏறினேன். 93. சிலிண்டரை இன்னமும் காற்றுதான் ஆற்றுகிறது, கூலர் தொடுவது ஆயிலை மட்டும். ஆனாலும் மலை உச்சியில் நின்றபோது முன்பெல்லாம் சூடேறினால் இன்ஜினில் கேட்கும் தட்டல் சத்தம் இல்லை.

மார்கழிக் குளிரில் மட்டும் ஒரு கவனம். ஆயில் போதிய அளவு சூடேறாவிட்டால் உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாது, ஆயில் மோர்போல வெளுக்கும். அதிகாலையில் ஏற்காடு போனால் கூலர்மேல் ஒரு அட்டையைக் கட்டிக்கொள்கிறேன். வால்பாறையில் காலையில் கிளம்பும்போது நீயும் அப்படியே செய், வெயில் ஏறியதும் அவிழ்த்துவிடு.

ஆயில் குழாய் இணைப்புகளில் போடும் செம்பு வாஷர்கள் எட்டு எடுத்துப் பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறேன், நாளைத் தபாலில் வரும். ஒருமுறை முடுக்கியதைத் திரும்பப் போடாதே. ஆட்டோ அட்வான்ஸைப் பார்த்துவிட்டு, அந்த எடைகள் இரண்டும் அசைகின்றனவா என்று உடனே எழுது. நீ ஏறும் நாளைச் சொன்னால் நானும் ஆழியாறுக்கு வந்துவிடுகிறேன், நாற்பது வளைவுகளையும் சேர்ந்தே ஏறுவோம்.

உன் அன்பு நண்பன்