சனிக்கிழமைக் கணக்கு: விழா நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விழாக் குழுவினருக்கும் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுக்கும் வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை இரவு எனக்கு வந்த போன் உங்களில் யாருடையது என்று இங்கே எழுதப் போவதில்லை. அழைத்தவருக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும், நீங்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறவர்கள்தானே. பெயரை எடுத்துவிட்டுப் பார்த்தால் அது உங்களில் யார் வேண்டுமானாலும் செய்திருக்கக்கூடிய போன். ஒருவருக்கு எழுத வேண்டிய கடிதத்தை எல்லோருக்குமாக எழுதுவது அதனால்தான்.

ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. "மாஸ்டர், நாளைக்கு வயலின் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுக்கறோம். தப்பா எடுத்துக்காதீங்க." எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். பழக்கதோஷம். போனை வைத்த பிறகுதான் தப்பாக எடுத்துக்கொண்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். நான் வயலின் சொல்லிக்கொடுப்பவன், வாசிப்பவனும்கூட. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே வேலை. எனக்கு அவை ஒன்றையொன்று தின்னும் இரண்டு வேலைகள். பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகம் போகிறவர்களும் எப்போது ஓய்வாக இருக்கிறார்களோ அப்போதுதான் என்னிடம் படிக்க வர முடியும். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. மாலை நேரமும் சனிக்கிழமையும்தான் என் பிழைப்பு. சங்கடம் என்னவென்றால் நீங்கள் விழா வைப்பதும் அதே மாலை, அதே சனிக்கிழமை. உங்களுக்கு ஒரு தடவை "சரி" சொல்ல, நான் பல பேருக்கு "இந்த வாரம் இல்லை" சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை எட்டுப் பேர். எட்டு வீட்டுக்கும் நானே போன் செய்து வகுப்பைத் தள்ளிவைத்தேன். அதில் ஒருவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு வயலினைத் தொட்ட பெரியவர். ஒரு வாரம் விட்டால் வில்லைப் பிடிக்கிற விதமே அவருக்கு மறந்துவிடும். மறு வாரம் கட்டைவிரலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொருத்தி பன்னிரண்டு வயதுப் பெண். அடுத்த செவ்வாய்க்கிழமை அவளுக்குத் தேர்வு. வீணைக்கும் கிட்டாருக்கும் கம்பிகளுக்கு அடியில் குறுக்கே இருக்கிற மெட்டுக் கட்டைகள் வயலினில் கிடையாது. விரல் எங்கே விழ வேண்டும் என்பதைக் காட்ட, கம்பிகளுக்குக் கீழே இருக்கும் கருப்பு விரல்பலகையில் எந்த அடையாளமும் இருக்காது. காதும் கையும் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டும். மேல் இடத்துக்குப் போகப் போக ஸ்வரங்களுக்கு நடுவே இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும், ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் காதில் உறுத்தும். அந்தப் பெண்ணுக்கு ஒரு மாதமாக ஒரே இடத்தில்தான் சிக்கல். முதல் நிலையிலிருந்து கையை மூன்றாம் நிலைக்கு நகர்த்தும்போது, மயிரிழை முன்னாலேயே நின்றுவிடுவாள். காரணம் விரல் இல்லை, கட்டைவிரல். அது வயலினின் கழுத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கையை விட மாட்டேன் என்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கட்டைவிரலை நான் லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தால் சரியாக வரும். இதை போனில் சொல்லிப் புரியவைக்க முடியாது. அந்தச் சனிக்கிழமை அதற்காகத்தான் இருந்தது.

உங்கள் போன் வந்தபோது மணி ஒன்பதரை. எட்டு வீட்டுக்கும் திரும்பக் கூப்பிட்டேன். ஊருக்குக் கிளம்பிவிட்டவர்கள், வேறு வேலை வைத்துக்கொண்டவர்கள், போனை எடுக்காதவர்கள் எல்லாம் போக இரண்டு பேர் வந்தார்கள். அந்தப் பெண் வரவில்லை, உறவினர் வீட்டில் இருந்தாள். செவ்வாய்க்கிழமை தேர்வு முடிந்ததும் அவளே கூப்பிட்டாள். "அந்த இடத்துல மறுபடி தப்பாயிடுச்சு மாஸ்டர். பரவாயில்லை, நீங்க வருத்தப்படாதீங்க." பன்னிரண்டு வயதுப் பிள்ளை எனக்கு ஆறுதல் சொல்கிறது.

ஆக அன்றைக்கு உங்களிடமிருந்தும் பணம் வரவில்லை, ஆறு வகுப்புகளின் பணமும் போயிற்று. போன வாரம் இதைப் பற்றி மெதுவாகக் கேட்டபோது வந்த பதில்: "நீங்கதான் வாசிக்கவே இல்லையே மாஸ்டர்." மறுக்க முடியாத வாதம்தான். நான் வாசிக்கவில்லை. வாசிக்கவிடவில்லை என்பது வேறு விஷயம் போலிருக்கிறது.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. தேதி குறிக்கும்போதே எழுத்தில் ஒரு பக்கம் கொடுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எவ்வளவு பணம், அது என்றைக்குக் கைக்கு வரும், கடைசி நேரத்தில் வேண்டாம் என்றால் எவ்வளவு தருவீர்கள். கூடவே பாதித் தொகை முன்பணம். இவ்வளவுதான். மேடை போடுகிறவருக்கும் ஸ்பீக்கர் வைக்கிறவருக்கும் முன்பணம் கொடுக்காமல் உங்களால் ஒரு விழாவை நகர்த்த முடியுமா? நாற்காலி வாடகைக்குக்கூட ரசீது இருக்கிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கிறவனுக்கு மட்டும் வாய்வார்த்தை போதும் என்று எப்படி முடிவானது?

"ஒரு மணி நேரம்தானே" என்பது நான் அதிகம் கேட்டிருக்கும் வாக்கியம். அந்த ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் கேட்ட பாட்டுகளில் பாதி எனக்குப் புதிது. கேட்டு, எழுதி, வயலினுக்கு ஏற்ற சுருதிக்கு மாற்றி, கூட வாசிக்கும் மாணவர்கள் இருவருக்கும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்து, மூன்று மாலை ஒத்திகை பார்த்தோம். அந்த மூன்று மாலையும் வகுப்பு நேரம்தான். வில்லில் 150-க்கு மேல் குதிரைவால் மயிர் இருக்கிறது. அது தேயும், மாற்ற வேண்டும். கம்பிகள் அறுவதற்கு முன்னாலேயே ஒலி மங்கிப் போகும். இதையெல்லாம் உங்கள் கணக்கில் சேர்க்கச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

போன கோடையில் வேறொரு இடத்தில் நண்பகல் வெயிலில் நிறுத்தி வாசிக்கச் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன், இது வேறு யாருமில்லை, உங்களில் ஒருவர்தான். வயலினின் பலகைகளை ஒட்டுவது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பசை. மரம் பிளப்பதற்குப் பதில் பசை விட்டுக்கொடுக்கட்டும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். பழுது பார்க்க வேண்டுமானால் திறக்க முடியும். கடும் வெயிலில் அந்தப் பசை இளகும். மூன்றாவது பாட்டில் அடிப்பக்கத்திலிருந்து ஒரு கரகரப்பு வந்தது. விரல் நகத்தை வைத்துப் பார்த்தேன், ஓரம் திறந்திருந்தது. "கொஞ்சம் நிழலில் நிற்கலாமா" என்று கேட்டதற்கு, போட்டோவில் பின்னணி சரியாக வராது என்றார்கள்.

பணம் குறைவாக இருக்கும்போதெல்லாம் "நாலு பேர் பார்ப்பாங்க மாஸ்டர்" என்று சேர்த்துக்கொள்கிறீர்கள். உண்மைதான், பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் தேடி வந்து தங்கள் விழாவிலும் இலவசமாக வாசிக்கச் சொன்னார்கள்.

1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது அதில் இருந்த எட்டு இசைக்கலைஞர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. கடைசிவரை வாசித்தார்கள் என்று உலகமே கண்ணீர் விட்டது. அவர்களில் ஜாக் ஹியூம் என்ற வயலின்காரருக்கு 21 வயது. கப்பல் மூழ்கி இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 30 அன்று, அவர்களை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சி அவர் அப்பாவுக்குக் கடிதம் எழுதியது. இரங்கல் கடிதம் என்று நினைப்பீர்கள். மகனின் சீருடைக்கான பாக்கி, 14 ஷில்லிங் 7 பென்ஸ். தயவுசெய்து கட்டவும்.

உங்களை அந்த ஏஜென்சியோடு ஒப்பிடுவதாக நினைக்க வேண்டாம். நீங்கள் என்னிடம் சீருடைக்குப் பணம் கேட்டதில்லை. கருப்பு உடையில் வரச் சொன்னீர்கள், நானே வாங்கிக்கொண்டேன்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியாமல் இல்லை. நன்கொடை தருகிறேன் என்றவர் கடைசி நாளில் கையை விரிப்பார், மழை வரும், வர வேண்டிய விருந்தினர் வர மாட்டார். மழையால் விழா நின்றால் முழுப்பணம் கேட்கிற ஆள் நானில்லை. உங்களில் ஒருவர் நான்கு வருடமாக ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, முன்பணத்தோடு அனுப்புகிறார். ஒரு முறை அவர் விழா நின்றுபோனது. முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, அடுத்த விழாவுக்கும் என்னைத்தான் கூப்பிட்டார். அவர் பணக்காரர் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் அவரிடமே அந்தக் காகிதத்தை வாங்கி, பெயரையும் தேதியையும் மாற்றிக்கொள்ளலாம்.

எனவே மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எழுத்தில் ஒரு பக்கம், பாதி முன்பணம், கடைசி வாரத்தில் வேண்டாம் என்றால் அந்த முன்பணம் எனக்கு. இனிமேல் இந்தக் காகிதம் கைக்கு வந்த பிறகுதான் எட்டு வீட்டுக்கும் போன் செய்வேன். அதுவரை சனிக்கிழமை வகுப்பு உண்டு. அந்தப் பெண் மறுபடி தேர்வு எழுதப்போகிறாள். அவள் கட்டைவிரல் இன்னும் பிடியை விடவில்லை.

இப்படிக்கு,
உங்கள் விழாக்களில் வாசிக்கும் வயலின் மாஸ்டர்

பி.கு.: வாசிக்கக் கூப்பிடும்போது கைப்பிடி இல்லாத நாற்காலி போடுங்கள். கைப்பிடி இருந்தால் வில்லை வீசும்போது வலது முழங்கை இடிக்கும். இதையும் நான் ஐந்தாறு தடவை சொல்லியிருக்கிறேன்.