கவுன்சிலர்னு ஒருத்தர் வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் பெங்களூரு அல்சூர்ல 22 வருஷமா குடியிருக்கேன். போன மாசம் திருப்பத்தூர் பக்கம் சொந்த ஊருக்குப் போனப்ப சித்தப்பா கூட பேரூராட்சி கூட்டத்துக்குப் போய் பின்னாடி பெஞ்ச்ல உக்காந்து பார்த்தேன்.

பொருள் நம்பர் வாசிக்கிறாங்க, மோட்டார் ரிப்பேர் செலவு, குப்பை வண்டிக்கு டயர், ஒண்ணொண்ணா போகுது. நடுவுல ஒரு பெண் கவுன்சிலர் எந்திரிச்சு, மாரியம்மன் கோயில் முக்குல லைட் எரியாம 9 நாள் ஆச்சு, டியூஷன் போயிட்டு வர்ற பொண்ணுங்க பயப்படுதுங்கன்னு சொன்னாங்க, செயல் அலுவலர் நோட்டுல எழுதிக்கிட்டார், மறுநாள் சாயங்காலம் லைட் எரிஞ்சுது சார், நானே போய் பார்த்தேன்.

இங்க பெங்களூருல கவுன்சிலருங்க பதவிக்காலம் 2020 செப்டம்பர் 10ஓட முடிஞ்சுது, 2025 செப்டம்பர்ல 5 மாநகராட்சியா பிரிக்கிற வரைக்கும் தேர்தலே நடக்கல, அஞ்சு வருஷம் முழுசா அதிகாரிங்க நிர்வாகம்தான். எங்க தெருவுல சாக்கடை மேல போட்ட கல்லு உடைஞ்சு ஒரு பாட்டி விழுந்து கை முறிஞ்சுது, யார்கிட்ட போய் சொல்றதுன்னே தெரியாம ஆப்ல போட்டோ அனுப்பினோம், கம்ப்ளைன்ட் நம்பர் மட்டும் வந்துச்சு.

மாசாமாசம் வார்டு கமிட்டி கூட்டம், அது எங்க எப்பன்னு ரேஷன் கடை வாசல்ல நோட்டீஸ், தமிழ்லயும் ஒண்ணு ஒட்டுங்க. இதைத்தான் கேக்குறோம். நம்ம ஜனங்களும் கண்டிப்பா போய் உக்காரணும்.

இப்படிக்கு,
அல்சூர் வாசகர், பெங்களூரு