ஸ்டென்ட்டோடு வீடு திரும்புகிறவர்களுக்காக: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தால் சிறுநீரகக் கல் அறுவை சிகிச்சை இன்று ஏழைக் குடும்பங்களுக்கும் எட்டியிருக்கிறது. அதற்கு நன்றி கூறி, வீடு திரும்பிய பிறகான வாரங்களைப் பற்றி எழுதுகிறேன்.

கல்லை உடைத்து எடுத்தபின், வீக்கத்தால் சிறுநீர்ப் பாதை அடைபடாமல் இருப்பதற்காகச் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை டிஜே ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயைப் பலருக்கு வைக்கிறார்கள். அது உள்ளே இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் முட்டும். கழிக்கும்போது விலாவில் வலி எடுக்கும். சுமை தூக்கினால் சிறுநீர் சிவக்கும். இவை எதிர்பார்க்கக்கூடியவைதாம் என்று யாரும் விளக்காததால், அஞ்சித் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. மாறாக, நடுக்கத்தோடு காய்ச்சல் வருவதும் சிறுநீர் அறவே நின்றுபோவதும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய அறிகுறிகள். அவற்றையோ, ஆபரேஷன் செய்த உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று பொறுத்துக்கொள்கிறார்கள்.

இதைவிடக் கொடியது மறதி. சில வாரங்களில் எடுத்துவிடவேண்டிய ஸ்டென்ட், வலி அடங்கியதும் நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. தம் உடலுக்குள் அப்படி ஒன்று இருப்பதையே அறியாதவர்களும் இருக்கிறார்கள், ஏனெனில் டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. மாதக்கணக்கில் விட்டால் அதன்மேல் உப்புகள் படிந்து புதிய கல்லே வளர்ந்துவிடும். மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைச் செலுத்திச் சில நிமிடங்களில் எடுத்திருக்கக்கூடிய குழாய்க்காக மறுபடியும் அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. சிலர் சிறுநீரகத்தையே இழக்கிறார்கள். இதை நோயாளியின் அலட்சியம் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் வெயிலில் வியர்த்து உழைப்பவர்களுக்குக் கல் உருவாகும் வாய்ப்பு கூடுதல். பிழைப்புக்காக ஊர் மாறிக்கொண்டே இருப்பவர்களும் அவர்களே.

கர்ப்பிணிக்குப் பிக்மி என்னும் பதிவு எண் வழங்கிப் பேறுகாலம் வரை பின்தொடரவும், 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வழியாக இரத்த அழுத்த மாத்திரையை வீட்டிலேயே சேர்க்கவும் தெரிந்த துறை இது. ஸ்டென்ட் வைக்கப்பட்ட ஒவ்வொருவரையும் பதிவேட்டில் சேர்த்து, எடுக்கவேண்டிய தேதியைச் சீட்டின் முதல் பக்கத்திலேயே தமிழில் பெரிதாக எழுதித் தர ஆணையிடுங்கள். தேதி நெருங்கும்போது தொலைபேசியில் அழைக்கவும், அழைப்பில் கிடைக்காதவர்களைக் களப்பணியாளர் தேடிச் செல்லவும் ஏற்பாடு வேண்டும்.

அதே சீட்டில் அன்றாட வாழ்வுக்கான குறிப்புகளும் இருக்கட்டும்: நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீராவது வெளியேறும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கவேண்டும், உப்பைக் குறைக்கவேண்டும், பாலை நிறுத்தக்கூடாது. கல்லுக்குப் பயந்து பாலைக் கைவிடுகிறவர்கள் ஏராளம். உணவோடு சேரும் கால்சியம்தான், கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்னும் பொருளைக் குடலிலேயே பிடித்துவைக்கிறது என்பதை அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை.

இவற்றுக்குப் புதிய கருவியோ கட்டடமோ தேவையில்லை. முதற்கட்டமாக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் சிறுநீரியல் பிரிவுகளிலாவது இதைத் தொடங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சிறுநீரகக் கல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவரின் மகள்