சேகரிப்பதோடு வேலை முடியாது

ஆசிரியருக்கு,

பழைய துணிகளை மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாகச் சேகரிப்பது பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2025 ஜனவரி முதல் இது கட்டாயம். சரி, நல்லதுதான். ஆனால் பெட்டி வைத்துவிட்டால் துணி தானாக அடுத்தவர் கைக்குப் போய்விடாது. நன்கொடைத் துணிகளை விற்கும் அறக்கடை ஒன்றில் துணி பிரிக்க உதவி வருகிறேன். ஈரத்துண்டு ஒன்று உள்ளே கிடந்தால் போதும், மூட்டை முழுக்கப் பூசணம் பிடித்துவிடும். இன்னொரு பக்கம், ஜிப் மட்டும் பழுதான, ஒரே ஒரு பொத்தான் இல்லாத நல்ல உடைகள் தைக்க ஆளில்லாமல் கந்தல் குவியலுக்குப் போகின்றன. அங்கே போனால் பெரும்பாலும் துடைக்கும் துணிதான். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியிலிருந்து மறுபடி நூல் எடுப்பது லேசான காரியமல்ல.

பிரான்சில் உற்பத்தியாளர்கள் செலுத்தும் கட்டணத்திலிருந்து, 2023 முதல் உடை, காலணி பழுதுபார்க்கும் செலவில் ஒரு பகுதி தள்ளுபடியாகக் கிடைக்கிறது. அப்படியொரு கட்டணத்தில் ஒரு பங்கை அறக்கடைகளின் தையல் இயந்திரத்துக்கும் தைப்பவர் கூலிக்கும் ஒதுக்கலாம். அப்புறம், சேகரிப்புப் பெட்டிகளின் மேல் ‘துவைத்து, நன்றாக உலர்த்திப் போடவும்’ என்று பெரிதாக எழுதி வைக்கட்டும்.

- ஒரு வாசகர்