உடைந்த ஷீட்டை எங்கே போடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடுகளில் கோடையில் மக்கள் படும் பாட்டைப் பற்றி உங்கள் இதழில் எழுதியிருந்தீர்கள். சரி, வெக்கை கொடுமைதான். ஆனால் அதே ஷீட்டை அறுக்கும்போது கிளம்பும் தூசியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. நுரையீரலில் தங்கிவிட்ட கல்நார் (அதுதான் ஆஸ்பெஸ்டாஸ்) இழையை வெளியே எடுக்க இன்றுவரை வைத்தியம் கிடையாது.

ஷீட்டில் பெரும்பங்கு சிமெண்ட்தான். உடையாமல் கூரையில் இருக்கும்வரை கல்நார் அதற்குள் பிடிபட்டே இருக்கும். அதனால் ஷீட் வீட்டில் இருப்பவர்கள் பதறிப்போய் இன்றே கடப்பாரையை எடுக்க வேண்டாம். கட்டிங் மெஷினில் அறுப்பதும் துளை போடுவதும் சம்மட்டியால் உடைப்பதும்தான் கண்ணுக்குத் தெரியாத இழைகளைக் காற்றில் கலக்கின்றன. நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்று, நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா என்ற புற்று எல்லாம் இப்படி வருபவை. ஷீட்டில் சேர்க்கும் வெள்ளைக் கல்நார் உட்பட எல்லா வகையும் புற்றுநோய் தருபவை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. பீடி, சிகரெட்டும் சேர்ந்தால் நுரையீரல் புற்று வரும் வாய்ப்பு இன்னும் பல மடங்கு. வெளிநாடுகளில், ஆலைக்குப் போன கணவரின் தூசி படிந்த உடுப்பைத் துவைத்த பெண்களுக்கும் இந்த நோய் வந்திருக்கிறது.

நோய் தலைகாட்ட 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகலாம். இருபது வயதில் ஷீட் அறுத்தவருக்கு ஐம்பதில் மூச்சு வாங்கினால், அந்தப் பழைய வேலையை யார் விசாரிக்கப் போகிறார்கள்?

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கத்தில் கீற்றையும் ஷீட்டையும் சேர்த்தே பிய்த்துப் போட்டது. உடைந்த துண்டுகளை என்ன செய்வதென்று யாரும் சொல்லவில்லை. பள்ளத்தில் கொட்டினார்கள், சேற்று வழியில் பரப்பினார்கள், கோழிக்கூட்டுக்கு மறைப்பு வைத்தார்கள். வண்டிகள் ஏறி இறங்கி அதில் பாதி மாவாகிவிட்டது.

கல்நார் ஆலைத் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே உத்தரவிட்டது. ஆலைக்குள் இருப்பவருக்கு அதுவாவது உண்டு. தினக்கூலிக்குக் கூரை ஏறுபவருக்கு என்ன பதிவேடு? இன்னொரு வேடிக்கை: கல்நார்க் கழிவை இறக்குமதி செய்ய நம் நாட்டில் தடை, கல்நாரையே மூட்டை மூட்டையாக ரஷ்யாவிலிருந்து இறக்கத் தடையில்லை! ஐரோப்பிய ஒன்றியம் 2005லேயே கதவைச் சாத்திவிட்டது. இலங்கையும் 2018 தொடக்கத்தில் கட்டுப்பாடு கொண்டுவர இருந்தது. இலங்கைத் தேயிலையில் வண்டு இருந்தது என்று, கல்நார் விற்கும் அதே ரஷ்யா தேயிலைக் கொள்முதலை நிறுத்தியதும் அதைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

தடை வருகிறபோது வரட்டும். ஏற்கெனவே நம் தலைக்கு மேல் இருக்கும் ஷீட்டுகளுக்கு என்ன வழி? தென்கொரியாவில் பழைய கல்நார்க் கூரையைக் கழற்ற அரசே பணம் தருகிறது. இங்கே அவ்வளவு வேண்டாம், ஊராட்சியோ பேரூராட்சியோ பழைய ஷீட்டை வாங்கி முறையாகப் புதைக்க ஓர் இடமாவது ஒதுக்கட்டும். கழற்றுகிறவர்களுக்கும் சில விஷயங்கள் தெரிய வேண்டும். முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக நனைக்க வேண்டும். போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்க வேண்டும், மேலிருந்து வீசக் கூடாது. மூக்கில் துண்டு கட்டினால் போதாது, என்95 முகக்கவசமும் போதாது; நுண்ணிய இழையையும் தடுக்கும் பி100 (P100) அல்லது எஃப்எஃப்பி3 (FFP3) ரக முகக்கவசம் தேவை. காய்ந்த தூசியை விளக்குமாற்றால் பெருக்கவே கூடாது. வேலைக்குப் போட்ட உடுப்பைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால்தான் எல்லோரும் கூரையில் கைவைப்பார்கள். அதற்குள் இந்த முறைகளை ஒரு பெட்டிச் செய்தியாக, கொத்தனாரும் வெல்டரும் எளிதில் படிக்கும்படி பெரிய எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருத்துறைப்பூண்டி