நாய்களுக்கான நெபுலைசரில் கோளாறு, கையேட்டில் ஆபத்தான தவறுகள்: புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு

பொருள்: பணத்தைத் திருப்பித் தரவும் கையேட்டைத் திரும்பப் பெறவும் கோருவது தொடர்பாக.

ஐயா / அம்மா,

மருந்தைப் புகைபோன்ற நுண்துளிகளாக்கி மூச்சில் செலுத்த உங்களிடம் வாங்கிய மெஷ் (நுண்துளைத் தகடு) வகை நெபுலைசர், நிமோனியாவிலிருந்து தேறிவரும் நாய்க்கு உதவாது. கருவியையாவது மாற்றிக்கொள்ளலாம். கையேட்டை நம்பி நடந்தால் நாயின் உயிருக்கே ஆபத்து.

மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு மூக்கையும் வாயையும் இறுகப் பிடிக்கிறது. ஆனால் மூச்சு வெளியேற ஒரு துளைகூட இல்லை. விட்ட மூச்சையே நாய் திரும்ப இழுக்கிறது. வாயைத் திறந்து இளைக்கவும் வழியில்லை. ஏற்கெனவே மூச்சு வாங்கும் நாய் இதை எப்படிப் பொறுக்கும்? முன்னங்காலால் தள்ளிவிடுகிறது.

அடுத்தது, மருந்து மீதம் இருக்கிறதா என்று பார்க்கும் சென்சார். மருந்துக் கிண்ணம் லேசாகச் சாய்ந்தாலே சலைன் (உப்புநீர்) சென்சாரைவிட்டு விலகிவிடுகிறது. உடனே மருந்து தீர்ந்துவிட்டதென்று கருவி அணைந்துவிடுகிறது. 5 மி.லி. ஊற்றினால் பாதிக்கு மேல் அப்படியே நிற்கிறது. ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து நிமிடமாவது புகை போக வேண்டும். அதுவரை தலையை ஆட்டாமல் உட்காரும் நாய் எங்கே இருக்கிறது?

இனி கையேடு. கிண்ணத்தில் ஊற்ற, ‘குடிநீரில் இரண்டு சொட்டு யூகலிப்டஸ் தைலம் விடவும்’ என்று போட்டிருக்கிறீர்கள். வெறும் தண்ணீர் மூச்சுக்குழாயை உறுத்திச் சுருங்க வைக்கும். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுவே இன்னொரு வகை நிமோனியாவுக்குக் காரணமாகலாம், மெஷ்ஷும் அடைத்துக்கொள்ளும். மருத்துவர் வேறு மருந்து எழுதித் தராதவரை கிருமி நீக்கிய 0.9% சலைன் மட்டும்தான் ஊற்ற வேண்டும். இதைக் கேட்டதற்கு உங்கள் ஊழியர், “ஆவி பிடிக்கிற மாதிரிதான் சார்” என்றார். ஆவியின் பெரிய துளிகள் மூக்கிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். 5 மைக்ரானுக்குக் குறைவான துளிதான் நுரையீரலின் அடிவரை போகும், அதற்காகத்தானே நெபுலைசர்?

‘முதுகில் தட்டவும்’ என்று விரித்த உள்ளங்கையைப் படம் போட்டிருப்பதும் தவறு. சளி இளக, கையைக் கிண்ணம்போல் குவித்து, விலாவின் இரு பக்கமும், பின்னாலிருந்து முன்னாக, சில நிமிடம் தட்ட வேண்டும். ‘பொத் பொத்’ என்று சத்தம் வர வேண்டும். ‘பளீர்’ என்று அடி விழக்கூடாது. சாப்பிட்டவுடன் தட்டக்கூடாது. விலா எலும்பு முறிந்த நாய்க்கும், உண்டதை எதுக்களிக்கும் நாய்க்கும் மருத்துவரைக் கேட்காமல் தட்டவே கூடாது. தட்டிய பிறகு மெதுவாக நாலு எட்டு நடக்க விட்டால் இருமும். அந்த இருமலில்தான் சளி வெளியேறும்.

நீங்களோ அடுத்த பக்கத்திலேயே இருமலை நிறுத்த சிரப் கொடுக்கச் சொல்கிறீர்கள். சளி உள்ளேயே தங்கட்டும் என்பதா? இந்த ஒரு வரிக்காகவே கையேட்டைத் திரும்பப் பெற வேண்டும்.

இருக்க வேண்டிய எச்சரிக்கையோ இல்லவே இல்லை. தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனாலோ, ஈறு நீலம் பாய்ந்தாலோ, கழுத்தை நீட்டி முழங்கையை அகட்டி மூச்சிழுத்தாலோ நெபுலைசரை வைத்துக்கொண்டு உட்காராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதை முதல் பக்கத்தில் அச்சிடுங்கள்.

முழுத் தொகையையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தரவும். இதே மாடலை வாங்கிய எல்லோருக்கும் திருத்திய கையேட்டை அனுப்பவும். தவறினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்வேன்.

இணைப்பு: பில் நகல், மாஸ்க்கின் படங்கள், கருவி அணைந்துபோகும் வீடியோ.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்