மேடையில் உங்கள் கதையை வாசியுங்கள்: எழுத்தாளர் விழாவுக்கு வரும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

வணக்கம். சிங்கப்பூர் எழுத்தாளர் விழாவில் கலந்துகொள்ள உங்களுக்கு அழைப்பு வந்திருப்பதை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். அமர்வில் எதைப் பற்றிப் பேசுவது, ஆங்கிலத்தில் பேச வேண்டியிருக்குமா, தமிழ்ப் பெண்ணெழுத்து குறித்து ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வரலாமா என்றெல்லாம் கேட்டிருந்தீர்கள். இத்தனை கேள்விகளில் உங்கள் கதைகளைப் பற்றி ஒன்றுகூட இல்லை என்பதைக் கண்டதும் தாமதிக்காமல் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. முதன்முறையாக இத்தகைய விழாக்களுக்குச் செல்லும் வேறு சிலரும் ஏறக்குறைய இதையே கேட்பதால், உங்கள் இசைவுடன் இக்கடிதத்தைப் பொதுவில் வெளியிடுகிறேன்.

நான் சொல்ல விரும்புவது இதுதான்: உங்களுக்கு ஒதுக்கப்படும் நேரத்தில் குறைந்தது கால் மணி நேரத்தை உங்கள் கதையை வாசிப்பதற்கென்று கேட்டு வாங்குங்கள், அதைத் தமிழிலேயே வாசியுங்கள்.

கேட்டு வாங்குங்கள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பன்னாட்டு இலக்கிய விழாக்களில் இன்று பேச்சு பெருகி, வாசிப்பு சுருங்கிவிட்டது. மேடையில் மூன்று எழுத்தாளர்களும் ஒரு நெறியாளரும் அமர்ந்திருப்பார்கள். தலைப்போ புலம்பெயர்வு, நினைவு, அடையாளம் என்று எந்த நூலுக்கும் பொருந்தும்படி அகலமாக இருக்கும். அறிமுகங்களிலேயே பத்து நிமிடம் கரைந்துவிடும். பிறகு ஆளுக்கு இரண்டு மூன்று கேள்விகள், கடைசியில் பார்வையாளர் கேள்விகள், அத்துடன் ஒரு மணி நேரம் முடிந்துபோகும். வெளியே வருபவருக்கு, அந்த எழுத்தாளர் சாதியைப் பற்றியோ நகர வாழ்க்கையைப் பற்றியோ என்ன நினைக்கிறார் என்பது தெரிந்திருக்கும். அவர் ஒரு வாக்கியத்தை எப்படி எழுதுவார் என்பது மட்டும் தெரிந்திருக்காது. கருத்துகளை நேர்காணல்களில் படித்துக்கொள்ளலாம். எழுதியவரே தம் குரலில், தாம் நிறுத்த நினைத்த இடத்தில் நிறுத்தி, அழுத்த நினைத்த சொல்லில் அழுத்தி வாசிக்கும் கதையை வேறெங்கே கேட்பது? ஒரு விழாவால் மட்டுமே தர முடிந்த அந்த அனுபவத்தைக் கொடுக்காமல், எங்கும் கிடைக்கும் கருத்துரைகளைத் தந்து வாசகரை அனுப்பிவைப்பது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது. நமக்கோ இது புதிதும் அன்று. நூலை அவையில் படித்துக்காட்டி அரங்கேற்றுவதும், கோயில் மண்டபத்தில் பாரதம் படிக்க ஊரே அமர்ந்து கேட்பதும் நம் வழக்கமாக இருந்தவை.

நீங்கள் வரும் இடத்தைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். இவ்விழா 1986இல் எழுத்தாளர் வாரமாகத் தொடங்கி, நெடுங்காலம் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை நடைபெற்று, 2011 முதல் ஆண்டுதோறும் நடந்துவருகிறது. தேசியக் கலைகள் மன்றத்தின் ஆதரவுடன் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிகளுக்கும் இடமளிக்கும் விழா இது. 2017ஆம் ஆண்டு விழாவுக்கு ‘அறம்’ என்ற தமிழ்ச் சொல்லையே கருப்பொருளாக வைத்தார்கள். எனவே, இங்கே நீங்கள் தமிழில் பேசுவது யாரும் உங்களுக்குக் காட்டும் சலுகை அன்று. முக்கியமான அமர்வுகள் பலவும் நடக்கும் ஆர்ட்ஸ் ஹவுஸ் கட்டடத்தின் கதையே அதற்குச் சான்று. ஜார்ஜ் கோல்மன் என்ற கட்டடக் கலைஞர் 1827இல் வணிகர் ஒருவருக்காக வடிவமைத்த மாளிகை அது. அவர் குடியேறாமலே அரசுக்கு வாடகைக்குப் போய், நீதிமன்றமாகி, பின்னர் சட்டமன்றமும் நாடாளுமன்றமும் கூடும் இடமாகி, 1999 வரை நாட்டின் சட்டங்கள் அங்கேதான் இயற்றப்பட்டன. 2004இல் அது கலைகளுக்கான இடமாகத் திறக்கப்பட்டது. பழைய விவாத மண்டபம் இன்றும் சேம்பர் என்ற பெயரில் இருக்கிறது. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் எதில் வேண்டுமானாலும் உறுப்பினர்கள் பேசலாம் என்ற உரிமையுடன் நடந்த மன்றம் அது. அங்கே உங்கள் அமர்வு அமையுமா என்பது இனிமேல்தான் தெரியும். அமைந்தால், அந்தச் சுவர்களுக்குத் தமிழ் புதிய ஒலி அன்று என்ற எண்ணத்தோடு எழுந்து நில்லுங்கள்.

தமிழ் தெரியாதவர்களும் அவையில் இருப்பார்களே, அவர்கள் என்ன செய்வார்கள் என்று நீங்கள் தயங்கலாம். கொலம்பியாவின் மெடெயின் நகரில் 1991இல் தொடங்கிய கவிதை விழாவை எண்ணிப் பாருங்கள். போதைப்பொருள் கும்பல்களின் கொலைகளால் உலகிலேயே மிக ஆபத்தான நகரம் என்று அந்நாளில் பெயர்பெற்றிருந்த ஊர் அது. இருட்டிய பிறகு வீட்டைவிட்டு வெளியே வர மக்கள் அஞ்சிய காலம். அந்த ஊரில் ‘புரோமெத்தியோ’ என்ற கவிதை இதழை நடத்தியவர்கள் பொதுவெளியில் கவிதை வாசிக்கத் துணிந்தார்கள். உலகின் பல மூலைகளிலிருந்தும் வரும் கவிஞர்கள் தத்தம் மொழியில் வாசிப்பார்கள், அடுத்து ஸ்பானிய மொழிபெயர்ப்பு வாசிக்கப்படும். நுத்திபாரா குன்றின் திறந்தவெளி அரங்கப் படிகளில் ஆயிரக்கணக்கானோர் மணிக்கணக்காக அமர்ந்து கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். தங்களுக்குப் புரியாத மொழி என்பதற்காக அவர்கள் எழுந்து போய்விடவில்லை. 2006இல் அவ்விழாவுக்கு ‘மாற்று நோபல்’ என்று பலரும் அழைக்கும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

நெதர்லாந்தில் 1970இல் தொடங்கிய ராட்டர்டாம் கவிதை விழாவில் கவிஞர் தம் மொழியில் வாசிக்க, மொழிபெயர்ப்பு பின்னாலிருக்கும் திரையில் ஓடும். பெர்லினில் 2001 முதல் நடக்கும் பன்னாட்டு இலக்கிய விழாவில் எழுத்தாளர் தாய்மொழியில் வாசித்த பிறகு, நடிகர் ஒருவர் அதே பகுதியை ஜெர்மனில் வாசிப்பார். இந்த மூன்றில் பெர்லின் முறையே எனக்கு மிகவும் பிடித்தது. திரையில் எழுத்து ஓடும்போது கேட்பவரின் கண் எழுத்தாளரைவிட்டு விலகிவிடுகிறது. இரண்டு குரல்கள் அடுத்தடுத்து வரும்போது முதல் குரலின் ஏற்ற இறக்கம் காதில் நிற்க, பொருள் அதன்மேல் வந்து அமர்கிறது. உங்கள் கதைக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு ஏற்கெனவே இருப்பதால், அதை வாசிக்க நல்ல குரல் உடைய ஒருவரை ஏற்பாடு செய்ய முடியுமா என்று இப்போதே கேளுங்கள்.

முன்கூட்டியே கேட்பது ஏன் முக்கியம் என்பதற்கு நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எந்த விழா என்பது வேண்டாம். மூத்த கவிஞர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அரங்கின் பின்புறக் கூண்டுக்குள் இருந்த மொழிபெயர்ப்பாளர் அவருடைய பேச்சை உடனுக்குடன் ஆங்கிலத்தில் தந்துகொண்டிருந்தார். மிகத் தேர்ந்தவர், ஒரு வாக்கியம்கூடப் பின்தங்கவில்லை. கவிஞர் திடீரென்று புத்தகத்தைப் பிரித்துக் கவிதையை வாசிக்கத் தொடங்கினார். அந்தக் கவிதையின் படி மொழிபெயர்ப்பாளரிடம் இல்லை. முதல் இரண்டு வரிகளுக்கு ஏதோ சொல்ல முயன்றவர், மூன்றாவது வரியில் “இப்போது கவிதை வாசிக்கிறார்” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். எனக்கு முன் வரிசையில் இருந்த சீன மாது ஹெட்போனைக் கழற்றி, அது பழுதாகிவிட்டதோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரும் கழற்றினார். கவிதை முடிவதற்குள் அந்த வரிசையில் பாதிப்பேர் நிகழ்ச்சி நிரலைப் புரட்டத் தொடங்கிவிட்டார்கள். கவிஞரிடம் குறையில்லை, கவிதையிலும் குறையில்லை. நான்கு பக்கங்களை ஒரு வாரம் முன்பு மின்னஞ்சலில் அனுப்பும்படி கவிஞரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை என்பதால், மொழி கடந்து சென்றிருக்க வேண்டிய கவிதை தமிழ் தெரிந்தவர்களோடு நின்றுவிட்டது. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. உங்கள் கதைக்கு அப்படி நேரக் கூடாது.

எதை வாசிப்பது என்பதில் பொறுமையாக முடிவெடுங்கள். அச்சில் சிறந்து நிற்கும் பகுதி காதுக்கும் சிறந்ததாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நீண்ட வருணனைகளும், நினைவுக்குள் நினைவாகச் செல்லும் பத்திகளும், ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் அறிமுகமாகும் தொடக்கங்களும், பின்னால் திரும்பிப் படிக்க முடியாத கேட்பவரைத் தவிக்கவிடும். உங்கள் தொகுப்பில், நியாயவிலைக் கடை வரிசையில் மாமியாரும் மருமகளும் நிற்கும் கதையை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்: இரண்டே மனிதர்கள், ஒரே இடம், உரையாடலிலேயே நகரும் கதை. தேவைப்பட்டால் வாசிப்புக்காகச் சுருக்குங்கள். அதனால் கதைக்குக் களங்கம் வந்துவிடாது. ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் 1858 முதல் கட்டணம் வைத்துத் தம் கதைகளை ஊர் ஊராக வாசித்தபோது, நாவல் பகுதிகளை மேடைக்கென்றே வெட்டிச் சுருக்கித் தனிப்படி வைத்துக்கொண்டார். அழுத்த வேண்டிய சொற்களை அடிக்கோடிட்டு, எந்த இடத்தில் எந்த உணர்ச்சி, எங்கே கைச்சைகை என்பதை ஓரங்களில் குறித்திருந்தார். எழுத்தாளராக உலகப் புகழின் உச்சியில் இருந்தவரே அத்தனை உழைத்திருக்கும்போது, நாம் புத்தகத்தை மேடையில் பிரித்து ஏதாவது ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு இறங்குவது கேட்க வந்தவர்களை மதிக்காத செயல்.

வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, உரத்த குரலில், நின்றபடி வாசித்துப் பாருங்கள். மேடையில் பதற்றத்தால் வேகம் கூடும் என்பதால், இப்போது உங்களுக்கே சற்று மெதுவாகத் தோன்றும் வேகம்தான் அங்கே சரியாக இருக்கும். ஒட்டுப்போட்ட பழைய பிரதியிலிருந்து வாசிக்காமல், பெரிய எழுத்தில் அச்சிட்ட தாள்களை வைத்துக்கொள்ளுங்கள்.

வாசிப்பை வெறும் விளம்பர உத்தி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் எடின்பரோ புத்தக விழாவில் அம்னஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்புடன் சேர்ந்து பல ஆண்டுகள் நடத்திய ஒரு தொடரைப் பற்றிச் சொன்னால் அவர்கள் மனம் மாறக்கூடும். விழாவுக்கு வந்த எழுத்தாளர்கள் மாலைதோறும் கூடி, தம் நூல்களை ஓரமாக வைத்துவிட்டு, சிறையில் அடைக்கப்பட்ட, ஒடுக்கப்பட்ட எழுத்தாளர்களின் படைப்புகளை வாசித்தார்கள், கட்டணம் கிடையாது. 2022 ஆகஸ்ட் 12ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தில் உரையாற்ற மேடையேறிய நாவலாசிரியர் சல்மான் ருஷ்டி கத்தியால் குத்தப்பட்டபோது, எடின்பரோ விழா மறுநாள் தொடங்கவிருந்தது. எழுத்தாளர்கள் தங்கள் நிகழ்வின் தொடக்கத்தில் ருஷ்டியின் எழுத்திலிருந்து ஒரு வாக்கியத்தை வாசிக்கலாம் என்று விழா இயக்குநர் வேண்டிக்கொண்டார். கண்டனத் தீர்மானம் இருந்திருக்கலாம், மௌன அஞ்சலி இருந்திருக்கலாம். அவர்கள் தேர்ந்தது அவருடைய வாக்கியங்களை உரக்கச் சொல்வதை. எழுத்தாளரைத் தாக்கியவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான விடை இருந்திருக்க முடியாது என்று நான் நினைக்கிறேன்.

பெண்ணெழுத்து குறித்த கட்டுரை தேவையில்லை. கேள்வி எழுந்தால், வாசித்த கதையிலிருந்தே விடை சொல்லுங்கள். எல்லாருடைய பிரதிநிதியாகவும் நின்று பேசும் சுமையை யாரும் உங்கள்மேல் ஏற்ற இடம்கொடுக்காதீர்கள். ஆங்கிலத்தில் பேச வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் அமர்வு முடிந்ததும் விடுதிக்குப் போய்விடாமல், இங்குள்ள எழுத்தாளர்களின் அமர்வுகளிலும் போய் உட்காருங்கள். இந்த ஊரில் தமிழ் நூல்கள் 1887இலேயே அச்சாகியிருக்கின்றன. மா. இளங்கண்ணன், இராம. கண்ணபிரான் போன்றோரின் கதைகளையும் கனகலதாவின் கதை, கவிதைகளையும் புறப்படும் முன் கொஞ்சமாவது படித்துவிட்டு வாருங்கள். வானொலி நாடகங்கள் வழியாகத் தமிழ்க் கதைகளை வீடுவீடாகக் கேட்கவைத்த புதுமைதாசன் போன்றவர்கள் எழுதிய ஊர் இது; காதால் கேட்டுக் கதையை அனுபவித்த தலைமுறை இன்னும் முன்வரிசையில் வந்து அமர்கிறது. அவர்கள் உங்களிடம் கருத்தைவிடக் கதையையே எதிர்பார்ப்பார்கள்.

ஆகவே இந்த வாரமே ஏற்பாட்டாளர்களுக்கு எழுதிவிடுங்கள்: வாசிப்புக்குக் கால் மணி நேரம், ஆங்கிலத்தில் வாசிக்க ஒரு குரல், மொழிபெயர்ப்பாளருக்குப் படி அனுப்ப ஒரு முகவரி. நெறியாளர் யார் என்று தெரிந்ததும், வாசிப்பை அமர்வின் தொடக்கத்திலேயே வைக்கும்படி அவரிடமும் சொல்லுங்கள். இறுதிக்குத் தள்ளினால் நேரமில்லை என்று முதலில் வெட்டப்படுவது அதுதான். சுருக்கிய பகுதி தயாரானதும் எனக்கும் அனுப்புங்கள்; உரக்க வாசித்துப் பார்த்துவிட்டு, எந்த இடத்தில் மூச்சு முட்டுகிறது என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்